மூன்று சிப், ஒரே இன்டரப்ட் ஒயர்: கடைசியில் இரண்டுதான் தங்கின

நேற்றோடு 41 நாள் ஆகிறது, மாமா தோட்டத்துப் பம்ப் பெட்டி ஒரு தடவைகூட உறைந்து நிற்கவில்லை. இதற்கு முன் அது தொடர்ந்து ஓடியதில் அதிகபட்சம் ஐந்து நாள். நடுவில் எங்கெங்கே சறுக்கினேன் என்று மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இதே தப்பை ஆறு மாதம் கழித்து நானே திரும்பவும் செய்வேன் என்று எனக்குத் தெரியும்.

இலவம்பாடி பக்கம் மாமாவுக்கு முக்கால் ஏக்கர் முள்ளுக் கத்திரி, சொட்டு நீர். 5 எச்பி சப்மெர்சிபிள் மோட்டார். தண்ணீர் ஃபில்டர் வழியாக சொட்டு லைனுக்குப் போகும், வால்வைத் திருப்பினால் சிமென்ட் தொட்டிக்குப் போகும். மும்முனை கரண்ட் வரும் நேரம் பார்த்து, விடியலில் எழுந்து மோட்டார் போட அவரால் இப்போது முடிவதில்லை, முழங்கால் வலி. கடையில் ஆட்டோ ஸ்டார்ட்டர் கிடைக்கிறது, வாங்கியிருக்கலாம். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் "நான் செஞ்சு தரேன் மாமா" என்று பொங்கலுக்குப் போனபோது சொல்லிவிட்டு வந்தேன்.

பெட்டியில் இருப்பது: ஆர்டுயினோ யூனோ (புரோகிராம் ஏற்றி ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டர் போர்டு) ஒன்று, நேரத்துக்கு டிஎஸ்3231 ஆர்டிசி (அலாரம் வைக்கக்கூடிய கடிகாரச் சிப்), பட்டன் மூன்று, தண்ணீர் மட்டம் பார்க்கும் ஃப்ளோட் இரண்டு, மூன்று பேஸ் இருக்கிறதா என்று சொல்லும் சின்ன 230 வோல்ட் ரிலேக்களின் கான்டாக்ட் மூன்று, இந்த எட்டையும் படிக்க எம்சிபி23017 சிப், ஃபில்டருக்கு முன்னால் பைப்பில் பிரஷர் சென்சார், அதன் வோல்ட்டேஜை எண்ணாக்கிப் படிக்க ஏடிஎஸ்1115 சிப். ஸ்டார்ட்டர் பக்கம் கை வைத்தது நான் இல்லை, ஊரில் மோட்டார் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் அண்ணன். என் ரிலே ஒன்று பச்சைப் பட்டனுக்கு இணையாக, இன்னொன்று சிவப்புப் பட்டனோடு தொடராக, அவ்வளவுதான். ஸ்டார்ட்டரின் சொந்தப் பட்டன்கள் என் பெட்டி செத்தாலும் வேலை செய்யும்படி விட்டுவிடச் சொன்னேன். நான் செய்ததிலேயே உருப்படியான முடிவு அது, பின்னால் தெரியும்.

இன்டரப்ட் என்றால், சிப் ஒன்று ஒயரைக் கீழே இழுத்து "என்னைக் கவனி" என்று யூனோவைக் கூப்பிடுவது. சரி, மூன்று சிப்புக்கும் ஏன் ஒரே இன்டரப்ட் ஒயர்? யூனோவில் இன்டரப்டுக்கென்று இருப்பது 2, 3 என்று இரண்டே பின். மூன்றாம் பின்னை உரத் தொட்டி லைனில் இருக்கும் ஃப்ளோ சென்சார் எடுத்துக்கொண்டது, லிட்டருக்கு 450 பல்ஸ் போல அடிக்கும், அதைப் பகிர முடியாது. மற்ற பின்களில் பின்-சேஞ்ச் இன்டரப்ட் போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம், ஒயர் இல்லை. யூனோவும் ரிலேயும் ஸ்டார்ட்டர் பக்கத்துப் பெட்டியில், மூன்று சிப்பும் எதிர்ச் சுவரில் பட்டன் இருக்கும் பெட்டியில், நடுவில் 3 மீட்டர் ஆறு-கோர் கேபிள். 5 வோல்ட், கிரவுண்ட், டேட்டா, கிளாக், ஃப்ளோ பல்ஸ் என்று ஐந்து போனது. மிச்சம் ஒன்று. காட்பாடியில் வீட்டிலேயே கேபிளை வெட்டி, லக் அடித்து, நம்பர் ஒட்டி முடித்த பிறகுதான் எண்ணினேன்.

மூன்று சிப்பின் இன்டரப்ட் காலையும் ஒன்றாக முறுக்கி, சும்மா இருக்கும்போது லைனை மேலே வைத்திருக்க 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் (புல்-அப்) போட்டு, இரண்டாம் பின்னில் கொடுத்தேன். பழைய டவுன் பஸ்ஸில் நீளத்துக்கும் ஓடும் மணிக் கயிறு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், யார் இழுத்தாலும் டிரைவர் பக்கத்தில் மணி அடிக்கும், யார் இழுத்தது என்று திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சால்டர் வைக்காமல் சொருகிப் பார்க்கும் பிரெட்போர்டில், பட்டன் அமுக்கினால் இன்டரப்ட் உடனே வந்தது. ஆர்டிசி அலாரம் வரவில்லை, சில நேரம் வந்தது, பெரும்பாலும் வரவில்லை. 8 சேனல் லாஜிக் அனலைசர் (650 ரூபாய், பெருமையாக வாங்கியது) மாட்டிப் பார்த்தால் அலாரம் நேரத்தில் லைன் அசையவே இல்லை, ஒரே நேர்கோடாக மேலேயே போகிறது. சரி, ஆர்டிசி கோளாறு. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் இன்னொன்று 190 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். அதுவும் அதே. இரண்டு ராத்திரி ஆர்டிசி ரிஜிஸ்டர்களையே (சிப்புக்குள் செட்டிங் எழுதும் இடங்கள்) மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் சலித்துப்போய் சாதா மல்டிமீட்டரை லைனில் வைத்தேன். சும்மா இருக்கும்போது 4.9 வோல்ட். அலாரம் அடித்த நேரத்தில் 2.3 வோல்ட்! அனலைசர் 2.3-ஐ ஒன்று என்றுதான் காட்டும், அதற்கு நடுவில் ஒன்று இருப்பதே தெரியாது. யூனோவுக்கோ 5 வோல்ட்டில் 1.5-க்குக் கீழே போனால்தான் நிச்சயமாக லோ, 3-க்கு மேல் நிச்சயமாக ஹை, நடுவில் அதன் இஷ்டம். யாரோ இழுக்கிறார்கள், இன்னொருவர் எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

பிடித்துக்கொண்டிருந்தது எம்சிபி23017. ஆர்டிசியின் இன்டரப்ட் காலும் ஏடிஎஸ்ஸின் அலர்ட் காலும் ஓப்பன் டிரெய்ன், கீழே இழுக்க மட்டும் தெரியும், விட்டால் விட்டதுதான். எம்சிபி மட்டும் பவர் ஆன் ஆனதும் புஷ்-புல், அதாவது சும்மா இருக்கும்போது லைனை வலுவாக மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். டேட்டாஷீட்டில் ஐஓகான் என்ற ரிஜிஸ்டரில் இதற்கு ஒரு பிட் இருக்கிறது, பிட் 2, அதை 1 ஆக்கினால் ஓப்பன் டிரெய்ன். எம்சிபியின் கால்கள் ஏ, பி என்று இரண்டு போர்ட்டாகப் பிரிந்திருக்கும், இரண்டின் இன்டரப்டையும் ஒரே காலில் கொண்டுவர பிட் 6. இரண்டும் சேர்த்து ஹெக்ஸ் 44, முகவரி ஹெக்ஸ் 0ஏ. ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு ஒரு ஆர்டிசி, மூன்று ராத்திரி.

ஒரு விஷயம், யூனோ பூட் ஆகி அந்த வரியை எழுதும் வரை சில நூறு மில்லிசெகண்ட் எம்சிபி புஷ்-புல்லாகத்தான் இருக்கும், அப்போது ஆர்டிசி இழுத்துக்கொண்டிருந்தால் இரண்டும் மல்லுக்கட்டும். அதற்காக எம்சிபி காலில் மட்டும் ஒரு 1என்4148 டையோடு, கோடு போட்ட முனை எம்சிபி பக்கம். லோ வரும்போது 0.6 வோல்ட்டில் நிற்கும், யூனோவுக்கு அது போதும். ஓப்பன் டிரெய்ன் பிட்டே இல்லாத சிப்பாக இருந்தாலும் இந்த ஒரு ரூபாய் டையோடு வேலையை முடித்துவிடும்.

என் 10 கிலோ ஓம் புல்-அப் தேவையே இல்லாதது என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. அந்த நீல ஆர்டிசி மாட்யூலிலேயே இன்டரப்ட் காலுக்கு 4.7 கிலோ ஓம் இருக்கிறது, மீட்டரில் அளந்தால் தெரியும். அந்த மாட்யூலைப் பற்றி இன்னொன்று: அதில் பேட்டரியை சார்ஜ் செய்ய ஒரு டையோடும் 200 ஓம் ரெசிஸ்டரும் வைத்திருப்பார்கள். சார்ஜ் ஆகும் பேட்டரிக்கு அது. சார்ஜ் ஆகாத சாதா சிஆர்2032 போட்டு 5 வோல்ட்டில் ஓட்டினால் பேட்டரி உப்பிவிடும், அதனால் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டேன்.

அடுத்தது எல்லோரும் ஒருமுறை விழும் குழி, நானும் விழுந்தேன். இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷனுக்குள்ளேயே சிப்பைப் படிக்கப் போனேன், யூனோ அப்படியே உறைந்தது. ஐடூசி (டேட்டா, கிளாக் ஒயரில் சிப்போடு பேசும் முறை) லைப்ரரியே இன்டரப்டை நம்பித்தான் ஓடுகிறது, அந்த ஃபங்ஷனுக்குள் இன்டரப்ட் அணைந்திருக்கும்போது பதில் எப்படி வரும். உள்ளே ஒரு ஃப்ளாக்கை, அதாவது அடையாளக் குறியை, மட்டும் 1 ஆக்கிவிட்டு, படிப்பதை எல்லாம் திரும்பத் திரும்ப ஓடும் லூப்பில் வைத்தேன். கால் மணி நேர வேலை.

மாசி கடைசியில் தோட்டத்தில் மாட்டினோம். இரண்டரை நாள் ஜோராக ஓடியது. மூன்றாம் நாள் மதியம் போன்.

"இன்னா மாப்ள, உன் பொட்டி தூங்கிக்கினு கீது. பட்டன அமுக்கி அமுக்கி வெரல்தான் நோவுது."

காட்பாடியிலிருந்து பைக்கில் ஒரு மணி நேரம். போய்ப் பார்த்தால் புரோகிராம் ஓடுகிறது, எல்இடி மினுக்குகிறது, எந்தப் பட்டனுக்கும் அசைவில்லை. இந்த முறை முதலில் மல்டிமீட்டர். இன்டரப்ட் லைனில் 0.6 வோல்ட், அப்படியே நிற்கிறது. 0.6 என்றால் டையோடு வழியாக, எம்சிபிதான் இழுத்துப் பிடித்திருக்கிறது, அதை யாரும் போய்ப் படிக்கவில்லை. (அந்த டையோடு போட்டதில் இப்படி ஒரு லாபம் வரும் என்று நினைக்கவில்லை. ஆர்டிசி இழுத்திருந்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டியிருக்கும்.)

நடந்தது இதுதான். நான் இன்டரப்டை விழும் விளிம்புக்கு, அதாவது லைன் மேலிருந்து கீழே வரும் அந்தக் கணத்துக்கு வைத்திருந்தேன். அலாரம் அடித்தது, லைன் கீழே வந்தது, ஃப்ளாக் ஏறியது. லூப் முதலில் எம்சிபியைப் பார்த்தது, ஒன்றுமில்லை. பிறகு ஆர்டிசி, ஆமாம் அலாரம், ஸ்டார்ட் ரிலேயை ஒரு நொடி பிடி, அதற்குப் பிறகு அலாரம் ஃப்ளாக்கை அழி. அந்த ஒரு நொடியில் மோட்டாருக்குக் கரண்ட் விடும் கான்டாக்டர் டமால் என்று ஒட்டுகிறது, மோட்டார் இழுக்கும் இழுப்பில் பேஸ் ரிலே ஒன்று தடதடக்கிறது, எம்சிபியும் லைனை இழுக்கிறது. ஆர்டிசி விட்டுவிட்டது, ஆனால் எம்சிபி பிடித்திருப்பதால் லைன் மேலே ஏறவே இல்லை. ஏறாத லைன் இனி எப்படி விழும்? மணிக் கயிற்றை ஒருவர் இழுத்தபடியே நின்றால் மற்றவர் இழுப்பது கேட்காதல்லவா, அதே கதை.

இதை விளிம்பாகப் பார்த்ததுதான் தப்பு. சத்தம் வந்ததா என்று கேட்பதை விட்டுவிட்டு, கயிறு இன்னும் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லூப்பை மாற்றினேன்: இரண்டாம் பின் லோவாக இருக்கும் வரை மூன்று சிப்பையும் சுற்றிச் சுற்றிப் படித்து ஃப்ளாக்குகளை அழி. ஒரு ரிஜிஸ்டர் படிக்க 100 கிலோஹெர்ட்ஸில் 0.4 மில்லிசெகண்ட்தான், செலவே இல்லை. கூடவே, படிப்பதும் அழிப்பதும் மட்டும் அங்கே, ரிலே இழுப்பது போன்ற வேலைகள் எல்லாம் வெளியே.

இதனால் இன்னொரு நோயும் கேட்காமலே போயிற்று. கரண்ட் போயிருக்கும்போது அலாரம் நேரம் கடந்தால், ஆர்டிசி பேட்டரியில் ஓடிக்கொண்டே தன் ஃப்ளாக்கை ஏற்றி வைத்திருக்கும். கரண்ட் வந்து யூனோ எழும்போது லைன் ஏற்கெனவே கீழே. விளிம்பை எதிர்பார்த்தால் எந்த ஜென்மத்திலும் வராது. முந்தைய வாரம் வீட்டு டெஸ்டில் ஒருநாள் காரணம் தெரியாமல் நின்றது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

எம்சிபியில் ஒரு சின்ன வலை இருக்கிறது. இரண்டு போர்ட்டும் ஒரே காலில் வந்தாலும், எந்தப் போர்ட்டில் மாற்றம் வந்ததோ அந்தப் போர்ட்டைப் படித்தால்தான் இன்டரப்ட் அழியும். பட்டன்கள் ஏ-யில், ஃப்ளோட்டும் பேஸும் பி-யில் வைத்திருந்தேன், ஏ-யை மட்டும் படித்துவிட்டு ஏன் லைன் விடவில்லை என்று ஒரு மாலை முழுக்க விழித்தேன். இப்போது இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு படித்துவிடுகிறேன். அந்தந்தப் போர்ட்டில் 7 என்று எண் போட்ட காலை இன்புட்டாகப் பயன்படுத்தாதீர்கள், புது டேட்டாஷீட்டில் அவை அவுட்புட்டுக்கு மட்டும் என்று போட்டிருக்கிறார்கள்.

இப்போது ஏடிஎஸ்1115. இதில்தான் மானம் போனது.

முதலில் அதன் அலர்ட் காலை, அளவெடுத்து முடித்ததும் ஒரு பல்ஸ் கொடுக்கும்படி வைத்திருந்தேன். தொடர்ந்து அளக்கும் மோடில் அந்தப் பல்ஸ் 8 மைக்ரோசெகண்ட்தான். வீட்டில் வந்தது. தோட்டத்தில் கான்டாக்டர் விடும்போதெல்லாம் பொய் இன்டரப்ட் வருகிறது என்று லைனுக்கும் கிரவுண்டுக்கும் 100 நானோஃபாரட் கெபாசிட்டர் போட்டேன், கான்டாக்டர் தொல்லை நின்றது, அதோடு அந்தப் பல்ஸும் போயிற்று. 8 மைக்ரோசெகண்டில் அந்தக் கெபாசிட்டரைக் காலி செய்ய அந்தக் காலுக்கு வலு கிடையாது. சரி, பல்ஸ் வேண்டாம், கம்பேரேட்டராக வைப்போம், பிரஷர் எல்லை தாண்டினால் லைனை இழு என்று மாற்றிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

ஐந்து நாள் கழித்து ஃபில்டர் அடைத்தது. எங்கள் பக்கத்து போர் தண்ணீர் அப்படி, மணலும் உப்புமாக, மாமா வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவுவார், அந்த வாரம் கல்யாணத்துக்கு ஆம்பூர் போய்விட்டார். பிரஷர் ஏறியது, ஏடிஎஸ் லைனை இழுத்தது. இழுத்தது இழுத்ததுதான், பிரஷர் இறங்கும் வரை விடாது. ஆர்டிசி மாதிரி படித்து அழிக்கும் ஃப்ளாக் அதற்கு அந்த மோடில் இல்லை. என் அருமையான புது லூப்போ, லைன் லோவாக இருக்கும் வரை சுற்று என்றிருந்தது. சுற்றியது, சுற்றியது, வெளியே வரவே இல்லை. மோட்டாரை நிறுத்தும் வரி வெளியே இருந்தது. மோட்டார் அடைத்த ஃபில்டரை முட்டிக்கொண்டு ஓட, பக்கத்து நிலத்துக்காரர் சத்தம் கேட்டு வந்து, என் பெட்டியின் ஸ்டாப் பட்டனை நாலு தடவை அமுக்கிப் பார்த்து, அப்புறம் ஸ்டார்ட்டரின் சிவப்புப் பட்டனை அமுக்கி நிறுத்தியிருக்கிறார். உறைந்தால் யூனோவைத் தானே ரீசெட் செய்யும் வாட்ச்டாக் போட்டிருந்தாலும் பிரயோஜனம் இல்லை, ரீசெட் ஆகி நேராக அதே குழியில் வந்து உட்கார்ந்திருக்கும்.

மாமா திட்டவில்லை. "பச்ச பட்டன் நீ பாத்துக்கோ மாப்ள, செவப்பு பட்டன் நான் பாத்துக்கறேன்" என்றார். திட்டியிருக்கலாம்.

ஏடிஎஸ்ஸில் லாட்ச் மோடு ஒன்று உண்டு, அளவைப் படித்தால் லைனை விட்டுவிடும். முயன்று பார்த்தேன். விடுகிறது, ஆனால் பிரஷர் இன்னும் எல்லைக்கு மேலேதானே இருக்கிறது, அடுத்த அளவில் திரும்பவும் இழுக்கிறது, அதன் இயல்பு வேகத்தில் நொடிக்கு 128 அளவு. ஒவ்வொரு முறை இழுத்த பிறகும் எல்லையை மாற்றி எழுதி, இறங்கியதும் திரும்ப எழுதி என்று ஒரு வழி இருக்கிறது, பாதி எழுதினேன். பிறகு நிறுத்திவிட்டு யோசித்தேன்: ஃபில்டர் அடைப்பது மணிக்கணக்கில் நடக்கும் காரியம், அதற்கு எதற்கு இன்டரப்ட்? கட்டரை எடுத்து அலர்ட் ஒயரை வெட்டினேன். அரை நொடிக்கு ஒருமுறை லூப்பே போய் பிரஷரைப் படித்துக்கொள்கிறது. மாற்றம் வந்தது என்று சொல்லிவிட்டு, படித்ததும் விட்டுவிடுகிற சிப்தான் பொது லைனுக்கு லாயக்கு. நிலவரம் இப்படி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நிற்கிற சிப்புக்குத் தனி ஒயர் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நாமே போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சுற்றும் லூப்புக்கும் கடிவாளம் போட்டேன். ஐந்து சுற்றுக்கு மேல் லைன் விடவில்லை என்றால் வெளியே வா, சிவப்பு எல்இடியை எரியவிடு, அதன் பிறகு 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை எம்சிபியை நேராகப் படி. வீட்டில் லைனைக் கிரவுண்டோடு ஒயரால் பிணைத்துவிட்டு ஒரு ராத்திரி ஓட்டினேன். பட்டன் எல்லாம் வேலை செய்தது. இந்த டெஸ்டை முதல் நாளே செய்திருக்க வேண்டும், இரண்டு நிமிட வேலை.

செலவு, அனலைசர் நீங்கலாக, கிட்டத்தட்ட 4,000 ரூபாய். அதில் பிரஷர் சென்சார் 900, மழைத் தண்ணீர் புகாத பெட்டி 650, யூனோ 420, ஏடிஎஸ் 260, எம்சிபி 160. வீணாகப் போன ஆர்டிசி 190. பெட்ரோலைக் கணக்கில் எடுக்கவில்லை, எடுத்தால் ஆட்டோ ஸ்டார்ட்டரே வாங்கியிருக்கலாம் என்று வீட்டில் சொல்வார்கள்.

அடுத்த தடவை மாற்றப்போவது: பெட்டியைச் சுவரின் வெயில் படாத பக்கம் வைப்பேன், ஆர்டிசிக்குள் இருக்கும் வெப்பமானி பங்குனி மதியத்தில் 54.25 டிகிரி காட்டியது. பேஸ் ரிலே கான்டாக்டுகளுக்கு எம்சிபியில் இன்டரப்டே கொடுக்க மாட்டேன், அதையும் சும்மா படித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சிப்பின் இன்டரப்ட் காலுக்கும் நடுவில் கழற்றி மாட்டும் ஜம்பர் ஒன்று வைப்பேன், யார் இழுக்கிறார்கள் என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் சால்டரிங் அயர்னைச் சூடாக்கத் தேவையில்லை.

கத்திரி இப்போது இரண்டாம் பறிப்பு. மாமாவின் பங்காளி ஒருவர் தனக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவருக்குச் சரி என்று சொல்வதற்கு முன்னாலேயே எட்டு-கோர் கேபிள் 6 மீட்டர் வாங்கி வந்துவிட்டேன்.